மனைவி என்று சொல்லாமல் வீட்டைக் காத்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

இது தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் 2022 ஆகஸ்ட் முதல் 2024 மார்ச் வரை நடந்த ஒரு வீட்டுப் பிரச்சினையின் பதிவு. இலவசச் சட்ட உதவிக் குழுவின் வழக்கறிஞர் என்ற முறையில் தொடக்கத்திலிருந்தே நான் இதில் இருந்தேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. வீட்டில் தொடர்ந்து வசிக்க உதவி கேட்டு வந்தவரை மனுதாரர் என்றும், மறைந்தவரை உரிமையாளர் என்றும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

மனுதாரருக்கு அப்போது வயது 54. அவருடைய கணவர் அரசு ஊழியராகப் பணியில் இருந்தபோதே 2001இல் இறந்துவிட்டார். அன்று முதல் குடும்ப ஓய்வூதியம் அவருக்கு வந்துகொண்டிருந்தது. 2022இல் அது மாதம் ஏறத்தாழ 12,000 ரூபாய். தையல் வேலையில் வந்த சிறு வருமானத்தைத் தவிர வேறு வருவாய் இல்லை, குழந்தைகளும் இல்லை.

உரிமையாளர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருந்தார். திருமணம் ஆகாதவர். 2005இல் இருவரும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கினர். திருமணம் செய்துகொள்ளாததற்கு மனுதாரர் எங்களிடம் சொன்ன காரணம் ஒன்றே: மறுமணம் செய்தால் விதவைக்கான குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும். ஆண்டு நேர்காணலின்போது தாம் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று அவர் எழுத்தில் உறுதியளித்து வந்தார். அந்த உறுதிமொழி பொய்யும் அல்ல. தாலி கட்டவில்லை, பதிவும் செய்யவில்லை.

2010இல் உரிமையாளர் தம் சேமிப்பிலிருந்து ஒரு மனை வாங்கினார். பத்திரம் அவர் பெயரில் மட்டும் இருந்தது. 2012இல் அதில் கட்டிய வீட்டுக்கு ஏறத்தாழ 16,00,000 ரூபாய் செலவானது. அதில் 8,00,000 வங்கிக் கடன், 3,00,000 உரிமையாளரின் பணம், மீதி 5,00,000 மனுதாரரின் பணம். அவர் தம் வைப்புத்தொகை முதிர்ந்தபோது வந்த 3,20,000 ரூபாயை உரிமையாளரின் கணக்குக்கு மாற்றியிருந்தார், அதற்கு வங்கிப் பதிவு உண்டு. நகை விற்றுக் கொடுத்த 1,80,000 ரூபாய்க்கு ஒரு சீட்டும் இல்லை.

அதே வீட்டில் உரிமையாளரின் தாயார் தம் கடைசி இரண்டு ஆண்டுகளைப் படுக்கையில் கழித்தார். அவரைப் பார்த்துக்கொண்டவர் மனுதாரர். பின்னால் எந்த ஆவணமும் செய்யாத வேலையை இது செய்தது என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

இறப்பும் முதல் வாரங்களும்

2022 ஆகஸ்டில் மாரடைப்பால் உரிமையாளர் இறந்தார். அனுமதித்த அன்று மருத்துவமனை ஒப்புதல் படிவத்தில் ‘நோயாளிக்கு உறவு’ என்ற இடத்தில் மனுதாரர் ‘மனைவி’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் அதையே எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த ஒற்றைச் சொல் அடுத்த ஒன்றரை ஆண்டுகளுக்கு எங்கள் கழுத்தில் தொங்கியது.

பெற்றோர் இருவரும் ஏற்கெனவே இறந்துவிட்டதால், உரிமையாளருக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் மட்டுமே இருந்தனர். இறுதிச் சடங்குகளைத் தம்பி செய்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையே அவர் வீட்டுச் சாவியைக் கேட்டார். மூன்றாம் வாரத்தில் மனுதாரர் வெளியே சென்றிருந்தபோது முன்வாசல் கதவில் இன்னொரு பூட்டு தொங்கியது. பின்வாசல் சாவி கையில் இருந்ததால் மட்டுமே அன்று இரவு அவரால் வீட்டுக்குள் படுக்க முடிந்தது. காவல் நிலையத்தில் இது சிவில் பிரச்சினை என்று சொல்லி, புகார் பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தனர். அந்த ரசீதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். பூட்டு எந்தத் தேதியில் போடப்பட்டது என்பதற்கு அதுவே ஒரே எழுத்துச் சான்று.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் செய்யவிருந்த இன்னொரு காரியத்தை நல்லவேளையாகத் தடுக்க முடிந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன், அவரை ‘மனைவி’ என்று குறிப்பிட்டு வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்தில் எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தான். அனுப்பும் முன் யாரையாவது கேட்போம் என்று தோன்றி எங்களிடம் வந்தார்கள்.

கையில் இருந்தவை

முதல் சந்திப்பில் மேசையில் விரித்து வைத்த காகிதங்களை மூன்று வகையாகப் பிரித்தோம்.

அவர் அந்த வீட்டில் வசித்ததைக் காட்டுபவை ஏராளம். ஆதார், வாக்காளர் அட்டை, எரிவாயு இணைப்பு, அதே முகவரியில் தனியாக அவர் பெயரில் குடும்ப அட்டை, பத்து ஆண்டு வங்கிக் கணக்கு அறிக்கை. மின் இணைப்பும் வீட்டு வரியும் உரிமையாளர் பெயரில் இருந்தாலும், பல ஆண்டுகளாகக் கட்டணம் மனுதாரரின் கணக்கிலிருந்து போயிருந்தது.

அவருக்கு உரிமை இருப்பதைக் காட்டுபவை மிகக் குறைவு. உரிமையாளரின் கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகப் பக்கம் இருந்தது. வீடு கட்ட மனுதாரர் 5,00,000 ரூபாய் கொடுத்ததாகவும், தமக்குப் பின் வீடு அவருக்கே என்றும் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டிருந்தார். சாட்சிக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். அதனால் அது உயில் ஆகாது. எனினும், தம் சொத்து நலனுக்கு எதிராக ஒருவர் எழுதி வைத்துவிட்டு இறந்த கூற்று என்ற அளவில், அப்போது நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் அதற்கு ஓர் இடம் உண்டு என்று கருதினோம்.

மூன்றாவது வகை, அவருக்கு எதிராகத் திரும்பக்கூடியவை: ஒரு பக்கம் மறுமணம் இல்லை என்ற உறுதிமொழிகள், இன்னொரு பக்கம் ‘மனைவி’ என்ற மருத்துவமனைப் படிவம்.

மனைவி என்று வழக்காடலாமா?

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளான மகன், மகள், விதவை மனைவி, தாய் முதலியோருக்குப் போகும். அவர்களில் ஒருவரும் இல்லையென்றால்தான் இரண்டாம் வகுப்புக்கு வரும். அதில் தந்தை இல்லாத நிலையில் உடன்பிறந்தோருக்குச் சமபங்கு. திருமணமின்றிச் சேர்ந்து வாழ்ந்தவருக்கு இந்தப் பட்டியலில் எங்கும் இடமில்லை. ஆகவே மனுதாரர் மனைவி என்று நிறுவப்பட்டால் முழு வீடும் அவருக்கு, இல்லையென்றால் ஒரு செங்கல்கூட இல்லை. நடுவில் எதுவும் கிடையாது.

மனைவி என்று நிறுவ வழியும் இருந்தது. நெடுங்காலம் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தால் திருமணம் நடந்ததாக ஊகிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1978இல் பத்ரி பிரசாத் வழக்கில் சொன்னது. எங்கள் நிகழ்வுக்கு இரண்டு மாதம் முன்பு, 2022 ஜூனில், கேரளத்திலிருந்து சென்ற கட்டுக்கண்டி வழக்கிலும் அதையே உறுதிசெய்தது. ஒருவர் விதவை, மற்றவர் மணமாகாதவர் என்பதால் சட்டப்படி மணம் செய்யத் தடை எதுவும் இல்லை. பதினேழு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ். குழுவிலிருந்த மூத்த வழக்கறிஞர் இந்த வழியில் போகவே விரும்பினார். ஏட்டில் பார்த்தால் இதைவிட வலுவான வாதம் இல்லை.

நாங்கள் அதைக் கைவிட்டதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அந்த ஊகம் மறுக்கத்தக்கது. ஆண்டுதோறும் தாம் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கும்போது, எதிர்த்தரப்பு அந்தத் தாள்களை வரவழைத்தால் எங்கள் வாதத்தை எங்கள் கட்சிக்காரரே உடைத்ததாகிவிடும். இரண்டாவது காரணம் அதைவிடக் கடுமையானது. வழக்கில் வென்றாலும் அவருக்கு நட்டம்தான். 2005 முதலே மனைவி என்று ஒரு தீர்ப்பு வந்துவிட்டால் ஓய்வூதியம் நிற்பது மட்டுமல்ல, பதினேழு ஆண்டுகள் பெற்ற தொகையைத் திருப்பிக் கேட்கவும், பொய் உறுதிமொழி தந்ததாகக் குற்றம் சாட்டவும் வழி பிறக்கும். வீட்டை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்பதா என்று அவரே கேட்டார். கேள்வியில் பதிலும் இருந்தது.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொல்லிப் பார்க்கலாம், ஓய்வூதியம் வழங்கும் கருவூலத்துக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். நீதிமன்றத்தில் ஒன்று, கருவூலத்தில் இன்னொன்று என்று சொல்ல நாங்கள் துணை போக முடியாது. அது நேர்மையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

விலக்கிய மற்ற வழிகள்

‘என் பணத்தில் கட்டிய வீடு, பெயர் மட்டும் அவருடையது’ என்று பங்கு கேட்பது யாருக்கும் முதலில் தோன்றும் வாதம். ஆனால் 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம், பிறர் பெயரில் உள்ள சொத்துக்குத் தாமே உண்மையான உரிமையாளர் என்று வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின் தண்டனையும் கடுமையானது. கணக்கில் வந்த பணத்தைக் கொண்டு கணவன் மனைவி பெயரிலோ, மனைவி கணவன் பெயரிலோ வாங்கினால் விலக்கு உண்டு. திருமணம் செய்யாத துணைக்கு அந்த விலக்கு இல்லை. இங்கேயும் ‘மனைவி’ என்று சொன்னால்தான் கதவு திறக்கும் என்ற நிலை.

கொடுத்த பணத்தைக் கடனாகக் கருதித் திரும்பக் கேட்கலாமா என்று பார்த்தோம். பணம் கைமாறியது 2012இல். அத்தகைய வழக்குக்கு மூன்றாண்டுக் காலவரம்பு என்றோ முடிந்துவிட்டது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், திருமணத்தையொத்த உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை தருகிறது. எந்த உறவு அப்படிப்பட்டது என்பதற்கான அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2010இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேலுசாமி வழக்கில்தான் வகுத்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் ‘குடும்ப உறவு’ என்பது எப்போதாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இடையேயானது. தம்பி அந்த வீட்டில் ஒருநாளும் குடியிருந்ததில்லை. மேலும், சமூகத்தின் முன் கணவன் மனைவியாகவே வாழ்ந்தோம் என்று அந்த மனுவிலும் எழுத வேண்டியிருக்கும். வேறு வழி இல்லாவிட்டால் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தோம்.

எடுத்த முடிவுகள்

எஞ்சியது ஒன்றுதான்: உரிமையைப் பற்றிப் பேசாமல், இருப்பைக் காப்பது. ஒரு சொத்தில் நிலைபெற்ற அனுபவத்தில் உள்ள, அதாவது அதில் நிலையாகக் குடியிருந்துவரும் ஒருவரை, சொத்தின் உண்மையான உரிமையாளரே ஆனாலும், சட்ட நடைமுறை வழியாக அன்றி வெளியேற்ற முடியாது என்பது உச்ச நீதிமன்றம் ராமே கௌடா வழக்கில் உறுதிப்படுத்திய கொள்கை. இதற்கு அவர் மனைவியாக இருக்கத் தேவையில்லை, அங்கே குடியிருந்தாலே போதும்.

அதனால் முதல் அறிவுரை, எக்காரணம் கொண்டும் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகக்கூடாது என்பது. துக்கத்தில் இருப்பவரை அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள் என்று எல்லோரும் அன்பாகச் சொன்னார்கள். நாங்கள் மட்டும் கடுமையாக மறுத்தோம். அக்காதான் இங்கே வந்து தங்கினார்.

அடுத்தது கடன் தவணை. மாதம் ஏறத்தாழ 8,700 ரூபாய், 2027 வரை பாக்கி இருந்தது. அசலில் மீதி ஏறத்தாழ 4,00,000. தொண்ணூறு நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடனாகும். அதன் பிறகு வங்கி, அடமானச் சொத்தைத் தானே கையகப்படுத்த வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி அறுபது நாள் அறிவிப்பு கொடுத்து வீட்டைக் கையகப்படுத்தும் பாதையில் இறங்கலாம். தம்பியும் தங்கையும் கட்டவில்லை. மனுதாரர் தம் காசோலை மூலம் கட்டினார். முதல் இரண்டு தவணைகளைத் தவிர ஒவ்வொரு முறையும், வீட்டில் வசிப்பவர் என்ற முறையில் தம் நலனைக் காத்துக்கொள்ளக் கட்டுவதாக ஒரு கடிதமும் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்கினார். பிறர் சட்டப்படி கட்ட வேண்டிய தொகையை, அதில் நலன் உள்ள ஒருவர் கட்டினால் திரும்பப் பெறலாம் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 69ஆம் பிரிவை மனத்தில் வைத்தே அப்படிச் செய்தோம். ஓய்வூதியத்தின் பெரும்பகுதி இதற்கே போனது, மாலை நேரத் தையலில்தான் குடும்பம் ஓடியது.

தம்பியும் தங்கையும் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது நாங்கள் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. பலர் இதை விட்டுக்கொடுத்தல் என்று நினைத்தார்கள். வாரிசு என்று உரிமை கோராதவர் ஆட்சேபிப்பதில் பொருளில்லை.

நீதிமன்றம்

2022 அக்டோபரில் முன்சீப் நீதிமன்றத்தில், சட்ட நடைமுறையின்றி வெளியேற்றக்கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை (தடையாணை) கோரி வழக்குப் பதிந்தோம். பெண் என்பதால், வருமானம் எவ்வளவானாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி அவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குரையில் உறவைப் பற்றி எழுதிய வாக்கியத்தை ஐந்தாறு முறை மாற்றினோம். கடைசியில் நின்றது இது: ‘2005 முதல் உரிமையாளருடன் ஒரே இல்லத்தில், செலவுகளைப் பகிர்ந்துகொண்டு வசித்து வருகிறார்.’ அதில் பொய் எதுவும் இல்லை, தேவைக்கு மேலும் எதுவும் இல்லை.

இடைக்காலத் தடை கிடைத்தது. இரண்டாம் பூட்டு அகற்றப்பட்டது. பிறகு வந்த எதிருரையில், மருத்துவமனைப் படிவத்தின் நகலை இணைத்து, இவர் உண்மையை மறைத்து ஓய்வூதியம் பெறுகிறார் என்றும் கருவூலத்துக்கு மனு அனுப்பப்போவதாகவும் எழுதியிருந்தார்கள். மனுதாரர் அன்று மிகவும் தளர்ந்துபோனார். வழக்கை விட்டுவிடலாமா என்று கேட்டார். அந்த வாதம் அவர்களுக்கே ஆபத்து என்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் நேரில் விளக்கினோம். அவரை மனைவி என்று நீங்களே நிறுவினால் முழு வீடும் அவருடையது ஆகும், உங்கள் கட்சிக்காரர்களுக்குப் பங்கே இல்லை. அதன் பிறகு அந்த மிரட்டல் மறுபடி எழவில்லை. இருபுறமும் வெட்டும் கத்தி என்பதை இருவரும் புரிந்துகொண்டதே பேச்சுவார்த்தைக்கு வழி திறந்தது என்று நினைக்கிறேன்.

சமரசம்

2023இன் நடுப்பகுதியில் வழக்கு சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டது. முதல் இரண்டு அமர்வுகளில் தம்பி மட்டும் வந்தார். மனுதாரரை ‘அந்தம்மா’ என்றே குறிப்பிட்டார். மூன்றாவது அமர்வுக்கு, வெளிமாவட்டத்தில் வாழும் தங்கை வந்தார். உள்ளே நுழைந்ததும் ‘அண்ணி, இளைச்சுட்டீங்களே’ என்றார். அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பதினேழு ஆண்டுகள் அழைத்த பழக்கத்தில் வந்த சொல் அது. எங்கள் பக்கத்திலோ, அந்தச் சொல் எங்கேயும் பதிவாகிவிடக் கூடாதே என்ற கவலை. சமரசப் பேச்சு இரகசியமானது என்பதால் அது அறைக்குள்ளேயே நின்றது.

தாயாரைப் பார்த்துக்கொண்டதைத் தங்கைதான் எடுத்துச் சொன்னார். நோட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டு, அண்ணன் கையெழுத்துதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். தம்பியின் நிலைப்பாடு உடனே மாறவில்லை. அவருக்குப் பணத் தேவை இருந்தது. விற்றுப் பாதித் தொகையைத் தருகிறோம் என்றார். குடியிருப்பவரோடும் வங்கி அடமானத்தோடும் நிலுவை வழக்கோடும் சேர்த்து வீட்டை யார் வாங்குவார்கள் என்ற கணக்கு மெல்ல மெல்ல அவருக்குப் புரிந்தது. மனுதாரரே அவர்களின் பங்கை விலைக்கு வாங்குவதையும் பார்த்தோம். குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான பத்திரங்களுக்குள்ள சலுகை அவருக்குக் கிடைக்காது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் முழு அளவில் கட்டிவிட்டுப் பங்கின் விலையையும் கொடுக்க அவரால் இயலவில்லை.

விளைவு

2024 மார்ச்சில் மக்கள் நீதிமன்றத்தில் ஒப்பந்தம் பதிவானது. வீட்டின் உரிமை தம்பிக்கும் தங்கைக்கும் சமமாக இருக்கும். மனுதாரர் தம் ஆயுள் முழுதும் அதில் வசிக்கலாம். எஞ்சிய தவணைகளை அவரே கட்டுவார். இடையில் வீட்டை விற்றாலும் அவருடைய வசிப்புரிமைக்கு உட்பட்டே விற்க வேண்டும். அவராக விரும்பி வெளியேறினால் 5,00,000 ரூபாயும், உரிமையாளர் இறந்தபின் அவர் கட்டிய தவணைகளின் மொத்தமும் அவருக்குத் தரப்படும். அந்த 5,00,000 என்ற எண் நோட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. உயிலாகத் தோற்ற காகிதம் கணக்குச் சீட்டாகப் பயன்பட்டது.

மக்கள் நீதிமன்றத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. வழக்கின் சொத்தைப் பற்றிய சமரசத் தீர்வுக்குப் பதிவு கட்டாயம் இல்லை என்றாலும், நான்கு மாதக் கெடுவுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். இல்லையென்றால் வில்லங்கச் சான்றிதழில் அது தெரியாது. வாங்குபவர் எனக்குத் தெரியாது என்று சொல்ல இடம் கொடுத்துவிடும்.

ஓய்வூதியம் தொடர்கிறது. எந்த ஆவணத்திலும் நாங்கள் அவரை மனைவி என்று எழுதவில்லை, மனைவி அல்ல என்றும் எழுதவில்லை.

மீண்டும் நேர்ந்தால்

உரிமையாளர் உயிருடன் இருந்தபோது செய்திருக்கக்கூடியது எளிது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 30ஆம் பிரிவின்படி தம் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. அந்த நோட்டுப் பக்கத்தின் அடியில் இரண்டு அண்டை வீட்டார் முறைப்படி சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த ஆய்வே இருந்திருக்காது. உயிலுக்குப் பதில் தானமாக எழுதி வைத்திருந்தால், வருமானவரிச் சட்டத்தின் பார்வையில் திருமணம் செய்யாத துணை ‘உறவினர்’ அல்ல என்பதால் வீட்டின் மதிப்புக்கு வரி வந்திருக்கும். உயில் வழியே வரும் சொத்துக்கு அந்த வரி கிடையாது.

எங்கள் தரப்பில் இரண்டு பிழைகள். வங்கிக்கு முதல் கடிதம் கொடுக்க இரண்டு மாதம் தாமதித்தோம். அதற்குள் இரண்டு தவணைகள் எந்த விளக்கமும் இல்லாமல் கட்டப்பட்டுவிட்டன. அவற்றைக் கணக்கில் சேர்க்கப் பின்னால் வாதாட வேண்டியிருந்தது. அடுத்தது, மூலப் பத்திரங்கள். கடன் முடிந்ததும் முப்பது நாளுக்குள் வங்கி அவற்றைத் திருப்பித்தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அப்போது அவை வாரிசுகளின் கைக்குப் போகும் என்பதை ஒப்பந்த வரைவு முடியும் தறுவாயில்தான் கவனித்தோம். பத்திரங்களைப் பெற்றதும் சான்றிட்ட நகல் ஒன்றை மனுதாரருக்குத் தர வேண்டும் என்ற வரியை அவசரமாகச் சேர்த்தோம்.

இப்போது எங்கள் குழுவில், சேர்ந்து வாழ்ந்தவர் இறந்து உதவி கேட்டு வருபவர்களிடம் வீட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். உங்களுக்கு யார் பெயரால் என்ன பணம் மாதாமாதம் வருகிறது? இதுவரை எந்தப் படிவத்தில், என்ன உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?